குரல் போன சிக்னல்மேன்

எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கிரேன் வேலைக்கு வருகிறவர்களுக்கு எடை அட்டவணையான லோடு சார்ட், பிரேக், கிரேனின் நீளக் கையான பூம் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் காதர் பாயைப் பற்றிச் சொல்கிறேன்.

1. விசில்

காதர் என் சிக்னல்மேன். தண்டையார்பேட்டைக்காரர். மேலே கேபினில் இருக்கிற எனக்கு லோடு எங்கே இறங்குகிறதென்று பாதி நேரம் தெரியாது. கீழே அவர் காட்டுவதை நம்பித்தான் லீவரைத் தள்ளுவேன்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. நோய் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, முழுக்கக் குணமாகாது என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார்.

பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி மும்தாஜ் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து அழுதார்.

"நோவைக்கூட தாங்கிக்கிறாருண்ணே. இப்டி செவுத்தப் பாத்துகினே கெடக்கறத என்னால பாக்க முடில. சாவறதுக்கு முன்னாடியே செத்துட்டா மாரி கீறாரு."

ஆறுதல் சொல்கிற வாய் எனக்குக் கிடையாது. உள்ளே போய், "ஒரு நாளு யார்டு பக்கம் வா மாமு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சில வாரம் கழித்துக் காலை ஷிஃப்டில் கேட்டருகே ஒரே கூட்டம். ஹெல்மெட், பச்சை ஜாக்கெட், கழுத்துத் துளையை மூடி மெல்லிய துணி. காதர் வேலைக்கே வந்து நிற்கிறார்! டாக்டரிடமும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

சேஃப்டி ஆபீசர் நல்ல மனிதர். ஆனால் அவர் கேட்ட கேள்வியும் சரியான கேள்வி. "பாய், இப்ப எல்லாமே வாக்கி-டாக்கிலதான் நடக்குது. திடீர்னு ஆபத்துன்னா எப்படிக் கத்துவீங்க?"

காதர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. மூச்சு கழுத்து வழியாகப் போய்விட்டது. இத்தனை வருடப் பழக்கம், வாயால் இனி ஊத முடியாது என்பதையே மறந்துவிட்டார். அவர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல்.

நான் முன்னால் போனேன். "சார், வாக்கி வர்றதுக்கு முன்னாடி நாங்க கையாலதான் வேல பாத்தோம். அவர் கை நல்லாத்தான் கீது."

மறுநாள் ஆபீசர், விரலால் அழுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும் ஒரு ஹார்னை வாங்கிவந்து காதர் கையில் வைத்தார். பகல் ஷிஃப்ட் மட்டும், தூசு இல்லாத பக்கம், காதர் என் கண்ணில் படாவிட்டால் கிரேன் உடனே நிற்க வேண்டும். இவைதான் நிபந்தனைகள்.

2. முதல் லோடு

இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்று. காதர் ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினார், தூக்கினேன். பாதி வழியில் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன். கடல் காற்றில் லோடு லேசாக ஆடியதை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்திருக்கிறார். ஆட்டம் அடங்கியதும் இறக்கச் சொன்னார். சுருள் கட்டை மேல் போய் உட்கார்ந்தது. கீழே கை தட்டினார்கள். வேலையைப் பாருங்கடா என்று கையாலேயே திட்டினார். மேலே நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை அவர் வீட்டுக்குப் போனபோது மும்தாஜ் புகார் சொன்னார்: "வாய் இருந்தப்போ வூட்ல ஒரு வார்த்த பேசமாட்டாரு. இப்போ கையாலயே ஓயாம பேசினுகீறாரு. கொயம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தப்போனா ரெண்டு கையயும் வீசி எமர்ஜென்சி ஸ்டாப்பு!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

3. ஷிஃப்ட்

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் காதருக்கு வலி அதிகமாகத் தெரிந்தது. "இன்னாத்துக்கு மாமு இவ்ளோ கஷ்டப்படுற?" என்று கேட்டேன். போனில் டைப் அடித்துக் காட்டினார்: "சாவு வர்ற அன்னிக்கு வரட்டும். அதுவரிக்கும் எனுக்கு ஷிஃப்டு கீது."

உடம்பு இடம் கொடுத்தவரை வந்தார். பிறகு படுக்கை. மும்தாஜ் கையைப் பிடித்தபடியேதான் போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன். கேபினில் ஏறி உட்கார்ந்தேன். கீழே வேறொருவர் விரலைச் சுழற்றினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நன்றாக அழுதேன். கீழே இருந்தவர் அவசரப்படுத்தவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். வந்தால் லீவரைத் தொடாதீர்கள். அழுது முடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கண் தெளிந்ததும் கீழே பாருங்கள். அங்கே ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு உங்களுக்காகத்தான் நின்றுகொண்டிருப்பார்.