மாமிக்குச் சொல்ல முடியாத பத்தியம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் எனக்கு ஒரு தொழில் இருந்தது. அதற்குப் பெயர்தான் இல்லை. கொழும்பில் இருந்த காலத்தில் உடற்பயிற்சியும் உணவு முறையும் பழகிவிட்டு ஊர் திரும்பி, வாப்பாவின் அரிசிக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் இளைஞர்களுக்குப் பாரம் தூக்கப் பழக்கினேன். எதைத் தின்னலாம், எவ்வளவு நடக்கலாம் என்றும் சொல்வேன். சோறு தின்னவும் ஆள் வைத்துப் படிக்க வேண்டுமா என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணம் முடித்ததும் எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். அவளுடைய உம்மா, எனக்கு மாமி, வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்கு மாறியிருந்தார். புது மாப்பிள்ளைக்கு நெய்ச்சோறு, வட்டிலப்பம், எருமைத் தயிர் என்று வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்றால் சமைத்தவருக்குக் குறை. தின்றேன். கொட்டிலில் பையன்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு வாய்க்குள் சிரித்தார்கள்.

அந்த நேரம்தான் மாமியின் காலில் வந்த புண் ஆறாமல் நின்றது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வாயைக் கட்டாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் வீட்டில் வாய் திறக்க வழியில்லை. அந்தக் காலத்தில் மாமிமார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். நான் வந்தால் மாமி கதவுக்குப் பின்னால் போய்விடுவார். நடுவில் என் மனைவிதான் தபால்காரி. நான் சொன்ன பத்தியத்தைக் கொண்டுபோனாள். “மவுத்தாகிற வயசில என்ன பத்தியம்” என்ற பதிலைக் கொண்டுவந்தாள். சாவுக்கு அவர் தயார்தானாம். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

கடைசியில் வேறு விதமாகச் சொல்லியனுப்பினேன். வயிறு குறையாவிட்டால் என் தொழில் படுத்துவிடும். எனக்குக் கேழ்வரகு என்கிற குரக்கன் பிட்டும் முருங்கையிலைச் சுண்டலும் மீன் ஆணக் குழம்பும் போதும். மாமியும் அதையே தின்றால்தான் நான் கை வைப்பேன். மாப்பிள்ளை பட்டினி என்று ஊர் கதைக்க அவர் விடுவாரா? அடுத்த நாளே குரக்கன் மா தயார். அவர் அடுப்படியில், நான் முன்னறையில், இருவருக்கும் ஒரே சாப்பாடு. டொக்டரின் மருந்தும் தவறவில்லை. இருந்தபடியே செய்யும் பயிற்சிகளை மனைவிக்குக் காட்டினேன். அவள் உள்ளே போய் உம்மாவுக்குப் பழக்கினாள். அயல் வீட்டுப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். என் தொழிலில் பாதி அப்போதிருந்து அடுப்படியில்தான் நடந்தது.

புண் மெல்ல மெல்ல ஆறியது. விரல் தப்பியது. ஒரு மதியம் நான் பிட்டில் கை வைக்கும்போது மாமி கதவைவிட்டு வெளியே வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

“மகன், உங்கட வயிறு குறைஞ்சிட்டு. இனியாவது ஒரு வாய் சோறு தின்னுங்க. எனக்குப் பார்க்க ஏலாது.”

அத்தனை நாளும் அவர் எனக்காகத்தான் பத்தியம் இருந்திருக்கிறார். ஓம் மாமி என்றேன். சொல்லிவிட்டுப் பிட்டிலேயே அடுத்த வாயை எடுத்தேன்.