கிணற்றுக்குச் சாட்சி தேடி

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கப்பலுக்காகக் காத்திருப்பதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. நான் ஆற்காட்டுப் பக்கத்து நெசவாளர்களின் துணியைக் கோட்டைக் கிடங்கில் ஒப்படைக்கும் தரகன். அந்தச் சித்திரையில் கப்பல் வருவதாக இல்லை. கிடங்குக்காரர்கள் என் துணியைப் பிரித்துப் பார்த்து, இழை தளர்வு என்று ஒரு துணிக்கட்டை மட்டும் கழித்துப் போட்டார்கள். கோட்டை வாசலில் நின்று பொருமிப் பயனில்லை. கழித்த கட்டைத் தூக்கிக்கொண்டு உப்பு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் குப்பத்துக்குப் போய், தெரிந்தவரான ராமய்யா வீட்டில் தங்கினேன். அவர் மனைவி மங்கா வைத்த இறால் குழம்பைச் சாப்பிட்டபின், கப்பல் மெதுவாகவே வரட்டும் என்று தோன்றிவிட்டது.

குப்பத்தில் அப்போது ஒரே பேச்சு, கிணறு. போன மழைக்காலத்துப் புயலில் கடல் ஏறிப் பழைய கிணறு உப்பாகிவிட்டது. அன்றுமுதல் பெண்கள் குடத்தோடு படகேறி அக்கரை போய்த்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இப்போது மணல்மேட்டுக்குப் பின்னால் புதுக் கிணறு தோண்டியிருந்தார்கள். அதுவும் உப்பென்றால் மொத்தக் குப்பமும் கடலை விட்டு அக்கரைக்குக் குடிபெயர வேண்டும். ஆனால் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களில் பாதிப் பேர் நல்ல தண்ணீர் என்றார்கள், பாதிப் பேர் உப்பு என்றார்கள்.

"உப்புனு சொல்றவன் நாக்குலதான் உப்பு" என்றார் ராமய்யா.

"நீ கடல் தண்ணியக் குடுத்தாலும் இளநினு குடிப்ப. தூக்கினு வர்றது நானு" என்றாள் மங்கா.

என்னைக் கேளுங்கள் என்றேன். இறால் குழம்பு தின்றவன் சாட்சி செல்லாது என்று குப்பத்துத் தலைவர் தள்ளிவிட்டார். உப்பில் பிழைக்காத ஆற்று மீனைப் பிடித்துக் கிணற்றில் விடுவது, மூன்றாம் நாள் காலையில் அது உயிரோடு இருந்தால் குப்பம் இருக்கும், இல்லாவிட்டால் கிளம்பும் என்று முடிவாயிற்று. அதுவரை யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாதென்று கிணற்றை ஓலைப்பாயால் மூடினார்கள்.

மறுநாள் விடியலில் ராமய்யா, மங்கா, நான் மூவரும் இரண்டு பானைகளோடு ஆற்று மீன் தேடிப் புறப்பட்டோம். ஏரியைக் கடக்கப் படகுக்காரருக்கு ஆளுக்கு ஒரு காசு. கரையேறி, கோட்டையை வலப்பக்கம் விட்டு மேற்கே நடந்தோம். ஆறு ஓடும் பொன்னேரி ஒரு காதத்துக்குச் சற்று மேல். வழியில் இருந்த ஏரிகளெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஒன்றில் ஆடுகள் மேய்ந்தன. ராமய்யா தோளில் சுமந்து வந்த வலையைப் பார்த்த ஆடு மேய்ப்பவர், "இங்க எத்தப் புடிக்கப் போற, ஓணானா?" என்று கேட்டார். மங்கா சிரித்த சிரிப்பில் பொன்னேரி வரை ராமய்யா வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே நடந்தார்.

உச்சிவேளையில் ஆற்றுக்கு வந்தோம். ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணுக்கெட்டிய வரை மணல், நடுவில் நாணல் நிழலில் இரண்டு மூன்று குட்டைகள். தண்ணீர் முழங்காலளவு. அதில் விரல் நீளக் கெண்டைப் பொடிகள் கூட்டமாக மின்னின. ராமய்யா வலையை வீசினார். வலைக் கண்ணுக்குள் மீன்கள் தாராளமாகப் போய்வந்தன.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. பாலாற்றங்கரையில் கோடைக் குட்டைகளில் கிடந்து வளர்ந்தவன் நான். பானையின் வாயைத் துணியால் கட்டி, நடுவில் இரண்டு விரல் அளவு ஓட்டை போட்டு, சுற்றிலும் பிசைந்த தவிட்டை அப்பி, குட்டையில் அமிழ்த்தி வைக்க வேண்டும். தவிட்டைக் கொத்தும் மீன் உள்ளே இறங்கிவிடும், வெளியேற வழி தெரியாது. தவிடு அரைக்காசுக்கு ஊரில் கிடைத்தது. துணிதான் என் தோளிலேயே இருந்ததே, கழித்த கட்டில் கிழித்த துண்டு. கோட்டை வேண்டாமென்ற துணி அங்கே சிறப்பாக உழைத்தது.

நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் ஒரு மீனும் பானையில் விழுந்தது. ராமய்யா அதையே கொண்டுபோகலாம் என்றார். அது கழிமுகத்து உப்பிலும் பிழைக்கிற மீன், சாட்சிக்கு ஆகாது என்று திருப்பி விட்டேன். மங்கா தலையசைத்தாள். அவளுக்கு மீன் பிழைக்கவேண்டும் என்பதைவிட உண்மை தெரியவேண்டும்.

அன்று சத்திரத்தில் படுத்து, மறுநாள் கருக்கலிலேயே திரும்பினோம். பானை ஒன்று ராமய்யாவிடம், ஒன்று மங்காவின் இடுப்பில். படகேறும்போது வெயில் ஏறிவிட்டது. ராமய்யாவின் பானையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. இறால் வாடினால் என்ன செய்வாரோ அதையே அவர் செய்தார். பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஏரித் தண்ணீரை அள்ளி ஊற்றினார். நான் கத்துவதற்குள் ஊற்றி முடித்தாயிற்று. மீன்கள் சுழன்று, பக்கம் சாய்ந்து, வெள்ளை வயிற்றோடு மிதந்தன.

"இன்னா மீனுங்க இதுங்க! தண்ணி ஊத்துனா சாவுதுங்க!" என்றார் ராமய்யா.

மங்கா திட்டவில்லை. தன் பானையை மடியில் வைத்து முந்தானையால் மூடி, இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். "நம்ம ஏரித் தண்ணியே இப்டிக் கொல்லுதே. கெணறு இன்னா பண்ணுமோ" என்றாள்.

அவள் பானையில் மிஞ்சியவை ஏழெட்டுக் கெண்டைகள். குப்பமே சுற்றி நிற்க அவற்றைக் கிணற்றில் விட்டு மீண்டும் பாயை மூடினார்கள். அடுத்த இரண்டு நாளும் ராமய்யா சரியாகச் சாப்பிடவில்லை. நானும் இறால் குழம்பைச் சிலாகிக்கவில்லை, அத்தனை பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பாயை விலக்கினார்கள். கிணற்றுக்குள் வெயில் விழ நேரமாயிற்று. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீருக்கடியில் ஒரு மினுக்கல், அதன் பின்னால் இன்னொன்று. யாரோ ஒரு பொரியைப் போட, எல்லாம் பாய்ந்து வந்தன. ராமய்யா அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.

முதல் செம்பை மங்கா இறைத்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். உப்பு இருந்தது. லேசாகத்தான், ஆனால் இருந்தது.

"எப்டி இருக்குது தரகரே?"

"நல்லா இருக்கும்மா."

"மூஞ்சியிலயே தெரியுது" என்று சிரித்தாள். "ஆத்துல பொறந்த மீனே இருந்துக்கலாம்னு சொல்லிடுச்சு. நீங்களும் கொஞ்ச நாள் இருந்து பாருங்க."

இருந்தேன். கப்பல் வருவதற்கு வைகாசி பாதி போய்விட்டது. அதுவரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்த அன்று, என் மனைவி பாலாற்று மணலில் புதிதாகத் தோண்டிய ஊற்று நீரை மொண்டு கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புப் போதவில்லை என்றேன். "எதுக்கு, தண்ணிக்கா?" என்று கேட்டாள்.