குதிகால் தெரியாத மூன்று வாரம்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். போன வாரம் சின்னவன் தன் குதிகாலுக்கு மேலே இருக்கிற சின்னத் தழும்பைக் காட்டி, நாய் கடித்ததா என்று கேட்டான். நாய் இல்லை. டாக்டர் கீறி நரம்பைத் தளர்த்திவிட்ட இடம் அது. அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் பெரியம்மாவுக்கு நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன்.

சின்னவனே, நீ பிறந்தபோது உன் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு மாவுக்கட்டு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். நேரானதும் கம்பி ஷூ கொடுத்தார்கள். இரண்டு குட்டித் தோல் ஷூ, இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு இரும்புக் கம்பி. நல்ல காலுக்கும் போட வேண்டும். முதல் மூன்று மாதம் குளிக்கிற நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு தூங்கும்போது மட்டும். சரியாகப் போடாவிட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும், மறுபடி முதல் மாவுக்கட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஷூவின் பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அதில் குதிகால் தெரிந்தால் கால் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டுகிற வேலை என்னுடையது. சிறுசேரிக்கு ஆபீஸ் வேன் எடுப்பதற்கு முன்னால், அம்மா அடுப்படியில் இருக்கும்போது உன்னைக் குளிப்பாட்டுவேன். காலில் சிவந்திருக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டு, ஷூவை மாட்டி நாடாவை இறுக்குவேன். கம்பி யார் மேலும் இடிக்காமல் இருக்கப் பழைய துண்டைச் சுற்றியிருந்தேன். முதல் இரண்டு நாள் நீ ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்த்து, முடியாமல் கத்தினாய். கம்பியைப் பிடித்து இரண்டு முட்டியையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் பழகிக்கொள்வான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் பழகினாய்.

அம்மா பத்து மணிக்குத் துணிக்கடைக்குப் போவாள். அதற்குள் அவள் அக்கா, உங்கள் பெரியம்மா, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீனை விற்றுவிட்டு உன்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவார். கம்பி ஷூவை முதல் தடவை பார்த்தபோது அவர் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஏன் மாப்ள, கைக்கொழந்த இன்னா திருடிச்சின்னு வெலங்கு போட்டுக்கீறீங்க?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது உள்ளே தங்கிவிட்டது.

சில நாள் கழித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து ஓட்டையில் பார்த்தேன். குதிகாலைக் காணோம். கால் மேலே ஏறி நின்றது. மறுநாளும் அப்படியே. காலையில் நான் சரியாக மாட்டிய கால், மூன்று மணிக்குள் எப்படி மேலே போகும்? பாவம் பார்த்து யாரோ கழற்றுகிறார்கள், நான் வருவதற்குள் அவசரமாக மாட்டிவிடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். யாரோ என்ன யாரோ, பகலில் வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

அடுத்த நாள் நாடாவில் வலை முடிச்சு ஒன்று போட்டுவிட்டுப் போனேன். என் அப்பா வலையில் போடுவது. தெரியாதவர் அவிழ்த்தால் அதேபோல் திரும்பப் போட முடியாது. வந்து பார்த்தால் முடிச்சு அப்படியே இருந்தது. குதிகால் மட்டும் மேலே. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரியம்மாவும் வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவர்தானே, அதே முடிச்சை அவர் போடமாட்டாரா என்றுதான் தோன்றியது.

பெரியவளே, உன்னையும் விடவில்லை. பால்வாடி விட்டு வந்த உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியம்மா தம்பி ஷூவைக் கழற்றினாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாய். உன் வாயில் கடலை மிட்டாய் இருந்தது. அது பெரியம்மா வாங்கிக் கொடுத்ததோ என்று யோசித்தேனே தவிர, நீ சொன்னதை நம்பவில்லை.

ஒருநாள் மத்தியானமே வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் வந்தேன். உள்ளே, சின்னவனே, நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பெரியம்மா கம்பியைப் பிடித்து உன் இரண்டு காலையும் துடுப்புப் போடுவதுபோல் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். ஷூ காலில்தான் இருந்தது.

"இன்னா மாப்ள, வண்டி ரிப்பேரா?"

ஆமாம் என்று பொய் சொன்னேன். ஓட்டையில் பார்த்தேன், குதிகால் இல்லை. என் காலடிச் சத்தம் கேட்டு மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் பேசவில்லை என்று அதையும் கணக்கில் சேர்த்தேன்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் காட்டுகிற நாள். பெரியம்மாவும் வரட்டும், அங்கே வைத்தே கேட்டுவிடலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். அவர் விற்காத மீனைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, போட்டது போட்டபடி எங்களோடு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஷூ மாட்டிவிடும் நர்சம்மா உன் காலை வெளியே எடுத்தார். குதிகால் தோல் ஊறி உரிந்திருந்தது. பாதம் கொஞ்சம் உள்ளே திரும்ப ஆரம்பித்திருக்கிறது என்றார். யாரோ கழற்றுகிறார்கள் என்று நான் வாயெடுப்பதற்குள், அவர் ஷூவுக்குள் விரலை விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இதுல எண்ணெய் யாருங்க தடவுறது?"

நான் பெரியம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்படிப் பார்த்துவிட்ட பிறகுதான் காலையில் தடவிய கை யாருடையது என்று உறைத்தது. நான்தான் என்றேன்.

எண்ணெய் பட்டால் கால் ஷூவுக்குள்ளேயே வழுக்கி மேலே ஏறிவிடும், தோலும் மெத்தென்று ஆகிப் புண்ணாகும் என்று அந்த நர்சம்மா பொறுமையாகச் சொன்னார். லேசான சிவப்பு தானாகப் போய்விடும், எண்ணெயும் வேண்டாம், பவுடரும் வேண்டாம், பருத்தி சாக்ஸைச் சுருக்கமில்லாமல் போட்டு, குதிகாலை அழுத்திப் பிடித்து நாடாவை இறுக்கினால் போதும் என்றார். இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போயிருந்தால் மறுபடி மாவுக்கட்டுதான்.

திரும்பி வரும் பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. பிறகு பெரியம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"கால் உள்ளயே வழுக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மாப்ள. நீ என்னை நோட்டம் வுட்டுகினு இருந்த. நான் வாயத் தொறந்தா, நாந்தான் கழட்டிவுட்டேன்னு எம்மேலயே போடுவன்னு கம்முனு இருந்துட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சின்னவன் தூங்குகிறான் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். யார் மேலோ கண் வைத்திருந்ததில் உன் காலையே மறுபடி கோணலாக்கப் பார்த்தேன், சின்னவனே.

மறுநாள் எண்ணெய் இல்லாமல் மாட்டினேன். மூன்று மணிக்கு ஓட்டையில் குதிகால் தெரிந்தது. பெரியம்மா வழக்கம்போல வந்திருந்தார்.

அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே சாயந்தரம், டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கடையெல்லாம் மூடியிருந்தார்கள். எங்களோடு வரும் அவசரத்தில் பெரியம்மா கழுவாமல் விட்டுவந்த மீன் வெட்டுகிற கல்லில் செதிலும் ரத்தமும் காய்ந்து கிடந்தன. குழாயில் நாலு பக்கெட் தண்ணீர் பிடித்து ஊற்றி, தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.