கல் பொறுக்கும் பெல்ட்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் நேரே அல்சூருக்குப் போய் லாயிட்டின் வலது கையைப் பார்த்துவிட்டு வரட்டும். தோளோடு அப்படியே இருக்கிறது. அந்தக் கையால்தான் காபி குடிக்கிறார், ஸ்கூட்டர் முறுக்குகிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சிலுவை போட்டுக்கொள்கிறார். இருந்திருக்கவே கூடாத கை அது. போன வருடம் ஜூலையில், ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு இருபத்தாறுக்குப் போயிருக்க வேண்டியது.

சாயங்காலம் நாலரைக்கு என்னய்யா பேய் என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பெர்னதெத்தும் அப்படிச் சிரித்தவள்தான். கோலார் தங்கவயலில் பிறந்து, நீலசந்திராவில் குடியிருந்து, எஞ்சினியரிங் படித்தவள். பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள்.

அவளும் லாயிட்டும் வேலை பார்த்தது அத்திபெலேயில் ஒரு தகர ஷெட்டில். அவள் எஞ்சினியர், லாயிட் ஃபிட்டர். செய்துகொண்டிருந்தது நிலக்கரியிலிருந்து கல்லைப் பிரிக்கிற மெஷின். சுரங்கத்திலிருந்து வருகிற கரி தனியாக வராது, கல்லையும் கட்டி இழுத்துக்கொண்டுதான் வரும். அந்தக் காலத்தில் ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்களை உட்காரவைத்துக் கையாலேயே பொறுக்கச் சொன்னார்கள். முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்குவதுபோலத்தான். என்ன, இந்த முறம் நிற்காமல் ஓடும். அப்புறம் தண்ணீர்த் தொட்டி வந்தது. குலுக்கினால் கரி மேலே, கல் கீழே. பிறகு இரும்புத்தாதுப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கனமாக்கினார்கள், கரி மிதந்தது, கல் முங்கியது. தூளைக்கூட விடவில்லை, நுரையில் ஒட்டவைத்து வழித்தெடுத்தார்கள். இப்போது தண்ணீருக்கே திண்டாட்டம். அதனால் கேமரா. மேலேயிருந்து கேமரா பார்க்கும், கம்ப்யூட்டர் முடிவு செய்யும், பெல்ட்டின் முனையில் காற்று புஸ்ஸென்று அடித்துக் கல்லைத் தள்ளிவிடும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. கரி, கல். திரையில் கரியைச் சுற்றிப் பச்சைக் கோடு போடும், கல்லைச் சுற்றிச் சிவப்பு. மூன்றாவதாக ஒன்று உலகத்தில் உண்டென்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

மெஷின் புதிது. பெல்ட்டின் ரப்பரும் புதிது. அதைத் தாங்கிய நீள இரும்புச் சட்டம் மட்டும் பழசு. வடக்கே எங்கோ மூடிப்போன கரி ஆலையிலிருந்து வந்தது என்று காயலான் கடைக்காரர் சொல்லியிருந்தார். முதலாளி ஆராவமுதனுக்கு மலிவாகக் கிடைத்தால் போதும்.

ஆனால் அன்றைக்கு ஆராவமுதனும் பாவம்தான். ஐந்து மணிக்குள் ஒரு முழு ஓட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பினால் பெரிய ஆர்டர். இல்லாவிட்டால் மறுநாளே ஷெட்டுக்குப் பூட்டு. லாயிட்டின் மகள் அந்த மாதம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பெர்னதெத்தும் லாயிட்டும் ஓடி வந்ததற்குக் காரணம் அதுதான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாற்பதுக்கு முதல் ஓட்டம். கரியும் கல்லும் கலந்து பெல்ட்டில் போனது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பெர்னதெத் திரையைப் பார்த்தாள். சிவப்பு வட்டங்கள் வந்தன. முனைக்குப் போவதற்கு முன்பே, பாதி வழியிலேயே, ஒவ்வொன்றாக அணைந்தன.

வெளியே ஒரு சத்தம். டக்... டக்... டக்...

மழை தகரத்தில் அடிக்கிறது என்று நினைத்தாள். ஓட்டம் முடிந்து, விழுந்த கரியைக் கிளறிப் பார்த்தார்கள். மருந்துக்குக்கூடக் கல் இல்லை.

"மார்வலஸ் லாயிட்ணா!" என்று கத்தினாள்.

லாயிட் சிரிக்கவில்லை. "மேடம்... கம்ப்ரஸர் நான் ஆன் பண்ணவே இல்ல."

"என்னது?"

"காத்தே அடிக்கல மேடம். அப்ப கல்லு எங்க போச்சு?"

தேடினார்கள். கல் சுவரோரம் கிடந்தது. பெல்ட்டின் இரண்டு பக்கமும், சின்னச் சின்னக் குவியலாக, ஒரே அளவு இடைவெளி விட்டு. யாரோ உட்கார்ந்து பொறுக்கித் தோளுக்கு மேலே பின்னால் எறிந்தால் எங்கே விழுமோ அங்கே.

பெர்னதெத் விடாப்பிடியாக, பெல்ட் குலுங்கித் தெறித்திருக்கும் என்றாள். லாயிட் கழுத்துச் செயினில் இருந்த சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டார்.

ஆராவமுதன் போனில் குதித்தார். "சுத்தமா வந்துடுத்தோன்னோ? அதையே அனுப்பிடேன்மா!"

"காத்து அடிக்காத வீடியோ சார் அது. நாளைக்கு அவங்க நேர்ல வந்து ஓட்டிக் காட்டுங்கன்னா என்ன பண்றது?"

"அப்போ திரும்ப ஓட்டு. அஞ்சு மணிம்மா... அஞ்சு மணி!"

நாலு பன்னிரண்டுக்கு இரண்டாம் ஓட்டம். இந்த முறை கம்ப்ரஸர் ஓடியது. நாலு பத்தொன்பதுக்குப் பெல்ட் திணறி நின்றது. முனையில் காற்றுக் குழாய்களை மூடியிருந்த இரும்புக் கம்பிவலைத் தட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஒரு கல் அங்கே போய்ச் சொருகிக்கொண்டது.

இப்படி நின்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குள் கை விடுகிறவன் பேனல் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி அவனிடம் இருக்கிறவரை ஆண்டவனே வந்து அமுக்கினாலும் பெல்ட் ஓடாது.

அன்றைக்கு அவசரம். சாவி பேனலிலேயே தொங்கியது.

"ஒரே நிமிஷம் மேடம், பேகா... சீக்கிரமா எடுத்திடறேன்" என்று லாயிட் போனார்.

ஒரு நிமிஷம் ஏழு நிமிஷமானது. கண்ணாடியில் கரித்தூளும் ஈரமும் அப்பியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. போன் அடித்தது. வெட்டினாள். மறுபடி அடித்தது.

நாலு இருபத்தாறு. திரையைப் பார்த்தாள். முனையில் இருந்த சிவப்பு வட்டம் போய்விட்டது. அந்த இடத்தில் நீளமாக ஒரு பச்சை.

பச்சை என்றால் கரி. கல்லை எடுத்தாகிவிட்டது.

ஸ்டார்ட்டை அமுக்கினாள்.

ங்ங்ங்ங்... மோட்டார் முனகியது.

பெல்ட் அசையவில்லை.

மறுபடி அமுக்கினாள். மோட்டார் முழு மூச்சில் இழுக்கிறது என்று மீட்டர் காட்டியது. பதினைந்து குதிரைத் திறன். பெல்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.

மூன்றாம் முறை...

திரையில் ஒரு பச்சை முளைத்தது. பெல்ட்டின் ஓரத்தில்.

பக்கத்தில் இன்னொன்று.

எதிர் ஓரத்தில் ஒன்று... இன்னொன்று...

சின்னச் சின்னப் பச்சைகள். ஒவ்வொன்றின் மேலும் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டே போனது. நிலக்கரி. தொண்ணூற்றொன்பது சதவீதம். நிலக்கரி. நிலக்கரி.

ஒவ்வொன்றுக்கும் விரல்கள் இருந்தன.

கைகள்.

கரியாய்க் கறுத்த கைகள்... பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு...

அப்போதுதான் அந்த நீளப் பச்சையைச் சரியாகப் பார்த்தாள்.

அதற்கும் விரல்கள் இருந்தன.

"மேடம்ம்ம்! ஆஃப்! ஆஃப் பண்ணுங்க!"

பேனல் சாவியைத் திருகிப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். லாயிட் பெல்ட்டின் மேல் குப்புறக் கிடந்தார். கரி பூசிய வலது கை, முழங்கைவரை தட்டுக்குள். பெல்ட் ஒரு சாண் நகர்ந்திருந்தால் தோளோடு உருவிக்கொண்டு போயிருக்கும். கன்னம் ரப்பரில் ஒட்டியிருந்தது. அழுதுகொண்டிருந்தார்.

அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

கையை மெல்ல வெளியே இழுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவர் இரண்டடி நகர்ந்து தரையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு...

மோட்டார் நின்றுபோயிருந்த அந்தப் பெல்ட், தானாகவே ஒரு முழம் முன்னால் ஓடி நின்றது. அதுவரை பிடித்திருந்தவர்கள் பிடியை விட்டார்கள்.

ரப்பரின் இரண்டு ஓரத்திலும் தூசியில் கைத்தடங்கள் பதிந்திருந்தன. விரல் விரலாக. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, போனை எடுத்துப் படம் பிடித்தாள். பிறகு லாயிட்டைத் தாங்கிக்கொண்டு மழையில் மெயின் ரோடுவரை நடந்தாள். ஐந்து மணி எப்போது தாண்டியது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆராவமுதன் சும்மா இருக்கவில்லை. முதல் ஓட்டத்தின் வீடியோவைத் தானே அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் பெர்னதெத்துக்கு ஒரு போன் வந்தது. ஆர்டர் கொடுக்க வேண்டிய கம்பெனியின் மூத்த எஞ்சினியர் பத்ரிநாத். நாற்பது வருடம் வடக்கே கரி வயல்களில் கிடந்த மனிதர்.

"வீடியோ பார்த்தேன்மா. மெஷினை விடு. அந்தச் சட்டம்... அது எங்கேர்ந்து வந்தது?"

"பழசு சார். காயலான் கடையில எடுத்தது."

"ரெண்டு பக்கமும் நாலு நாலு ஸ்டூல் வெச்சு வெல்டிங் பண்ணி, அப்புறம் அறுத்த தழும்பு இருக்கே, பார்த்தியா? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அதும் பக்கத்துலதான் நின்னேன். எட்டுப் பொம்பளைங்க உக்காந்து கல் பொறுக்குவாங்க. ஆர்டர் எங்கேயும் போகாது. ஒரு மாசம் டைம் தரேன், வேற சட்டம் போட்டு ஓட்டிக் காட்டு. அதுல மட்டும் வேணாம்மா."

"ஏன் சார்?" அவள் நடந்ததில் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஒரு நாள் பெல்ட்ல கல் சொருகிடுத்து. எடுக்கறதுக்கு அதுல ஒருத்தி கையை விட்டா. மேஸ்திரி பார்க்காம சுவிட்சைப் போட்டுட்டான். மத்த ஏழு பேரும் பாய்ஞ்சு பெல்ட்டைக் கையாலயே பிடிச்சாங்கம்மா. ஏழு பேருக்கும் உள்ளங்கைத் தோல் வழண்டு வந்துடுத்து. நிக்கல. அவளுக்கு வலது கை தோளோட போச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரறதுக்குள்ள உயிரும் போச்சு."

பெர்னதெத் போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிடித்த படத்தைத் திறந்து, பெரிதாக்கி, ஓரம் ஓரமாக எண்ணினாள். ஏழு இடத்தில் இரண்டிரண்டு கைகள். தட்டுக்குப் பக்கத்தில், லாயிட்டின் தோள் கிடந்த இடத்தை ஒட்டி, எட்டாவது.

அதில் இடது கை மட்டும்தான் இருந்தது.