கல்லடிப் பாலத்தில் என் முறை

2004 டிசம்பர் 26, ஞாயிறு, காலை ஒன்பதரை, நல்ல வெயில். பாலத்துக்கு அக்கரையில், கடல் புகுந்த கல்லடியில் என் மனைவி தனியே இருந்தாள். நான் நகரப் பக்கம், பழைய பாலத்தின் முனையில் மோட்டார் சைக்கிளோடு நின்றேன். ஒடுங்கிய பாலம், எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடிந்தால்தான் நாங்கள் போகலாம். தப்பி வந்த வண்டிகளை எண்ணியபடி என் முறைக்குக் காத்திருந்தேன்.

நனைந்து ஓடிவந்த ஒருத்தி கத்தினாள்: “என்ன ஐயா, கணக்கா எடுக்கிறீங்க? மோட்டச்சைக்கிளப் போட்டுட்டு நடங்க!”

“ஆரும் கொண்டு போயிட்டா?” என்றேன்.

மனைவி கிடைக்கவில்லை. பாலத்தின் ஒடுக்கம்தான் அவளைக் கொன்றது என்று சொல்லித் திரிந்தேன். புதுப் பாலம் கேட்டு மனுவும் எழுதினேன்.

போர் முடிந்து அதுவும் வந்தது. திறந்த மறுநாள் தனியே நடந்தேன். அகலப் பாலம், ஆனாலும் ஐந்து நிமிடம். பக்கத்திலிருந்த பழையதிலும் நடைக்கு அதே ஐந்து நிமிடம்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு வருடமும் மூன்று மாதமும் ஆனது.