பதினாறாவது நட்டு

இது நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். கதை விடுகிறவன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வான். இதில் நான்தான் அயோக்கியன்.

என் பெயர் நதீம். திருவல்லிக்கேணிக்காரன். எங்கள் கூட்டத்துக்கு கிட் கார் பைத்தியம். கம்பெனியில் செய்து வருகிற கார் இல்லை. பாகம் பாகமாக வாங்கி, வீட்டு வாசலில் வைத்து நாங்களே பூட்டி எடுக்கிற கார். ஐந்து பேர், ஐந்து கார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு பெசன்ட் நகர் பீச்சில் கூடுவோம். மழை, புயல் என்று சொல்லி யாரும் வராமல் இருக்க முடியாது. வராதவனை ஒரு மாதம் கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள்.

நாங்களே பூட்டிய வண்டி என்பதால் ஒரு விதி வைத்திருந்தோம். கிளம்பும் முன் ஒருவன் வண்டியின் சக்கர நட்டுகளை இன்னொருவன் டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் 'டக்' என்று சத்தம் போடும். பிறகு நட்டிலிருந்து சக்கரம் வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு. நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வண்டிக்குப் பதினாறு நட்டு. பதினாறு 'டக்'.

ஒரு நவம்பர் கூட்டம். கொட்டுகிற மழை. டில்லிபாபுவின் வண்டியை நான் பார்க்க வேண்டிய முறை.

"மச்சி, முன்னாடி ரைட்டு வீல் நேத்துதான் கழட்டி மாட்டினேன். நல்லா பாத்துடு," என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் ஓடினான்.

நான் பார்க்கவில்லை. ரெஞ்ச் என் டிக்கியில் இருந்தது. எடுக்கச் சோம்பல். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, நட்டுகளைத் துடைத்து, கோடு மட்டும் போட்டேன். பதினாறு கோடு.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றான் டில்லி.

"முடிச்சிட்டேன்டா."

6:50. அடையாறு பாலம். டில்லியின் வண்டி ஆடியது. ஓரம் கட்டி இறங்கினான். முன் சக்கரத்தருகே குனிந்தான். அந்த மழையில் பின்னால் வந்த வேனுக்கு அவன் தெரியவில்லை.

மற்றவர்கள் ஆம்புலன்ஸோடு போனார்கள். நான் வண்டிக்குக் காவல் நின்றேன். வலது முன் சக்கரத்தில் ஒரு நட்டு இல்லை. அது இருந்த இடத்தில் என் கோட்டின் பாதி மட்டும் தெரிந்தது. துணியில் பெட்ரோல் நனைத்து எல்லாக் கோடுகளையும் துடைத்தேன்.

"அவசரத்துல என்கிட்ட காட்டாமயே கெளம்பிட்டான்," என்று எல்லோரிடமும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அவன் அம்மா கெங்கம்மாவும் நம்பினார். "அவசரக்குடுக்கை, உன் உசுர நீயே எடுத்துக்கினியேடா," என்று செத்த பிள்ளையைத் திட்டித் திட்டி அழுதார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது.

ஒரு வருடம் போனது. மறுபடி நவம்பர், முதல் ஞாயிறு. வங்கக் கடலில் புயல் சின்னம். காலை 5:38க்கு நான்தான் முதல் ஆளாக பீச் ரோட்டில் நின்றேன். என் வண்டிக்குக் கேன்வாஸ் கூரை. ஒழுகியது. கண்ணாடியெல்லாம் ஆவி. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

5:41.

டக்.

பின்னால், இடது சக்கரம். பாரத் வந்துவிட்டான் போல என்று நினைத்தேன். எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

டக்... டக்... டக்...

நான்கு. சத்தம் வலது பக்கம் நகர்ந்தது. காலடிச் சத்தம் இல்லை. மறுபடி நான்கு. போன் போட்டேன்.

"பாரத், என் வண்டிய பாக்கறது நீயா?"

"இன்னா மச்சி சொல்ற? நாங்க மூணு பேரும் இன்னும் மத்திய கைலாஷாண்ட நிக்கிறோம். ரோடு பூரா தண்ணி."

கதவுக் கைப்பிடியை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

முன் இடது. டக்... டக்... டக்... டக்...

பன்னிரண்டு.

வண்டிக்குள் பெட்ரோல் வாடை. பெட்ரோலில் நனைந்த துணியின் வாடை...

முன் வலது. என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி.

டக்.

டக்.

டக்.

பதினைந்து.

...

பதினாறு வரவில்லை.

5:49க்குத்தான் கதவைத் திறக்கத் தைரியம் வந்தது. யாரும் இல்லை. பதினைந்து நட்டுகளிலும் புது வெள்ளைக் கோடு. அவ்வளவு மழையிலும் கரையவில்லை. பதினாறாவது என்னுடைய நட்டே இல்லை. துருப்பிடித்து, மண் அப்பியிருந்தது. அதன் மேல் பாதிக் கோடு. விரலால் திருகினேன். கழன்று கையில் விழுந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். 6:40க்கு கெங்கம்மா வீட்டு வாசலில் நின்றேன்.

"அம்மா, அவன் என்கிட்ட காட்டினான். நான்தான் பாக்காம கோடு போட்டேன். அப்புறம் தொடச்சிட்டேன். அவன் மேல தப்பே இல்லம்மா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் உள்ளங்கையில் இருந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உன்னாண்ட எப்டி வந்துச்சு?"

"என் வண்டில இருந்துச்சும்மா."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில அவன் கை மூடியே இருந்துச்சு நைனா. உள்ள இந்த நட்டு. வெரல் சந்துல வெள்ளையா தெரிஞ்சுது. எவ்ளோ பிரிச்சாலும் வரல. அப்டியேதான் பொதச்சோம்."

பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"அப்போ... இப்ப அவன் கை தொறந்துகீதா?"