நகல் இல்லாத மனிதர்

"இந்த உலகத்துல யாருக்கு வேணா நகல் எடுத்துடலாம். எனக்கு மட்டும் எடுக்க முடியாது" என்று ஜெராக்ஸ்காரர் அறிவித்தபோது கடையில் நான்கு பேர் இருந்தார்கள். மூவர் மின்விசிறிக்கு நேராக நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காமவரின் நிலப் பத்திரம் இயந்திரத்துக்குள் இருந்தது. அதனால் அவருக்குக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

"அது எப்படிண்ணே?"

"என் ஐடி கார்டோட காப்பி இந்தப் பூமியில ஒண்ணுகூடக் கிடையாது. பேங்க்ல கேளுங்க, ஆபீஸ்ல கேளுங்க, அப்படி ஒரு ஆளே இல்லைம்பாங்க. கவர்மெண்டுக்கு நான் காத்து மாதிரி. கையை வச்சா ஒண்ணும் சிக்காது."

"பெரிய ஆள்தான்ணே நீங்க. பத்திரம் கசங்காம வருமா?"

இதை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிவிட முடியாது. கடை உரிமம் அவர் மனைவி பேரில் இருந்தது. கடையின் மின் இணைப்பு, வீட்டு வாடகை ஒப்பந்தம், ஸ்கூட்டர், இரண்டு சிம் கார்டு, சமையல் எரிவாயு எல்லாமே மனைவி பேரில்தான். அரசாங்கத்தின் காகிதங்களை மட்டும் படித்து ஒருவர் முடிவுக்கு வந்தால், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் அந்த அம்மாள் ஓய்ந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தி, இரண்டு செல்போனில் பேசியபடி ஸ்கூட்டரில் ஊர் சுற்றுகிறார் என்றே எழுதுவார். ஜெராக்ஸ்காரரின் சொந்த அட்டையோ பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில், கசங்காமல் தூங்கியது.

இந்தப் பயம் அவருக்குத் தொழிலால் வந்த வியாதி. கண்ணாடியில் வைக்கும் காகிதத்தைக் கண் படிக்காமல் இருக்குமா? யாருக்கு சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது, எந்தத் தம்பதி வக்கீலிடம் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்தவர் காகிதத்தை ஆசை தீரப் படித்துப் படித்து, தன் காகிதத்தை யாராவது படித்துவிடுவார்களோ என்று நடுங்க ஆரம்பித்தார். பூட்டிய வீட்டில் எட்டிப் பார்த்துப் பழகியவர்தான் தன் வீட்டு ஜன்னலுக்கு இரண்டு திரை போடுவார்.

அப்படிப்பட்டவர் கண்ணில் கிரிப்டோ பட்டது. கையால் தொட முடியாத காசு, பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, கையெழுத்து கிடையாது என்று செல்போனில் ஒரு வீடியோக்காரர் சொல்லச் சொல்ல, தன் ஜாதகத்தையே யாரோ வாசிப்பதுபோல அவருக்குப் புல்லரித்தது. அரசாங்கமும் அந்தக் காசைப் பற்றி மிகத் தெளிவான கொள்கை வைத்திருந்தது. அது பணம் அல்ல, யாரும் நம்ப வேண்டாம். அதில் லாபம் வந்தால் அது பணம்தான், வரி கட்ட வேண்டும். நஷ்டம் வந்தால் மறுபடியும் பணம் அல்ல. இவ்வளவு தெளிவு கிடைத்தபின் ஜெராக்ஸ்காரர் தாமதிக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். ரகசியக் காசு வாங்கும் செயலிக்குள் நுழையவே அடையாள அட்டையும் முகமும் கேட்டார்கள். அன்று மனைவி ஆஸ்பத்திரியில் கொடுக்கத் தன் அட்டையை நகல் எடுத்துக்கொண்டு, அசலைக் கண்ணாடியிலேயே விட்டுப் போயிருந்தார். வாடிக்கையாளர்கள் தினமும் செய்யும் தவறு அது. அதற்காகவே "ஒரிஜினலை மறந்துடாதீங்க" என்ற வாசகத்தை அவர் நாள் முழுக்க ஜபம்போலச் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

அட்டை கிடைத்துவிட்டது. முகம்?

சாயங்காலம் ஜன்னலோரம் மனைவியை உட்கார வைத்து, செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். "அசையாம இரு. தலையை இடப்பக்கம் திருப்பு. இப்போ வலப்பக்கம். லேசாச் சிரி. கண்ணைச் சிமிட்டு."

"என்னங்க, திடீர்னு?" நர்ஸம்மாளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவரை யாரும் இப்படிப் படம் எடுத்ததில்லை.

"சும்மாத்தான். வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

அன்று ராத்திரி வரை அந்த அம்மாள் மனசுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தார். சமையலறைச் சுவரின் மறுபக்கத்தில் கணவர் காசு வாங்கிக்கொண்டிருந்தார்.

அதோடு அவருடைய நிம்மதி விடைபெற்றது. கடையில் ஒரு கை இயந்திரத்தின் பொத்தானில், மறு கை செல்போனில். விலை ஏறினால் கால் ஆடும், இறங்கினால் இரண்டு காலும் ஆடும். மதியம் ஏறியது டீ குடிப்பதற்குள் சறுக்கும். வேறொரு தேசத்தில் யாரோ ஒரு பணக்காரர் தும்மினால் இவருக்கு இங்கே காய்ச்சல் அடிக்கும். ஒருவரின் திருமணச் சான்றிதழுக்கு மறுபக்கம் இன்னொருவரின் இறப்புச் சான்றிதழ் அச்சாகி வந்த நாளும் உண்டு. "ரெண்டும் ஒண்ணுதானேண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனவர் பெருந்தன்மையானவர். விலை உச்சியில் இருந்த ஒரு பொன்னாளில், எதிர்காலத்தில் பெரும் மதிப்பு வரும் என்று நம்பி, ஒரு தவளைப் படத்தைக்கூட வாங்கினார். செல்போனில் மட்டுமே இருக்கும் தவளை. தொப்பி போட்டிருந்தது.

ராத்திரி தூக்கத்தில் உளறினாலும் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். குறட்டைக்குப் பயந்து போகிறார் என்று மனைவி நினைத்தார்.

காசை விற்கும் எண்ணம் வந்தது கடை இயந்திரத்தால். அதன் உருளையில் ஒரு கீறல். எடுக்கும் ஒவ்வொரு நகலிலும் குறுக்கே மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு விழும். ஊரில் பாதிப் பேர் நெற்றியில் கோட்டோடுதான் அரசாங்கக் கோப்புகளில் இருந்தார்கள். புது இயந்திரம் வாங்க வேண்டும். செயலி வழியாகவே விற்றால் வரி பிடித்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு அரட்டைக் குழுவில் விசாரித்தார். 'பனிக்கரடி' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவர், சந்தை விலையைவிடக் கூடுதலாகவே தருகிறேன் என்றார். முகம் தெரியாத ஒருவர் எதற்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்ற கேள்வி ஜெராக்ஸ்காரரின் மனசில் எழாமல் இல்லை. தன் சாமர்த்தியத்தை உலகம் கடைசியில் மதிக்கத் தொடங்கிவிட்டது என்ற பதிலும் கூடவே எழுந்தது. காசு கரடிக்குப் போனது. பணம், மனைவியின் சம்பளக் கணக்குக்கு வந்தது. அவருக்கென்று வேறு கணக்கு ஏது?

அடுத்த வாரம் மருந்துக் கடையில் நர்ஸம்மாளின் கார்டு வேலை செய்யவில்லை. பேங்க்கில் கேட்டால், கணக்கு முடக்கம், மேலிடத்து உத்தரவு என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே, வார்டில் எல்லார் முன்னாலும், ஒரு சம்மன் வந்தது. சைபர் குற்றப் பிரிவு. திருட்டுப் பணத்தைக் கைமாற்றிய விவகாரம்.

தலைமை நர்ஸ் பதவிக்கு அந்த அம்மாளின் பேர் மேலே போயிருந்த சமயம் அது. எத்தனையோ வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்து வந்து நின்ற வாசல். போலீஸ் விசாரணை என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும்.

"ஏதோ பேர் மாறி வந்திருக்கும்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"என் பேர், என் விலாசம், என் கணக்கு. இதுல எது மாறியிருக்கு?"

சைபர் பிரிவு அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. அதட்டவில்லை, உருட்டவில்லை. கணினித் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான்.

திரையில் எல்லாம் இருந்தது. முதல்முதலாக வாங்கிய காசு. பயந்து விற்றது. மறுபடி வாங்கியது. தவளை. கடைசியாகக் கரடிக்குப் போனது. வரிசையாக, தேதியோடு, நிமிஷத்தோடு.

"மேடம், இதெல்லாம் ரகசியம்னு..." ஜெராக்ஸ்காரரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"யார் சார் சொன்னது? இது நடுத்தெருவுல போர்டு வச்சு எழுதின கணக்கு. உலகத்துல யார் வேணா படிக்கலாம், யாராலயும் அழிக்க முடியாது. பேர் மட்டும்தான் எழுதியிருக்காது. ஒரு இடத்துல பேர் சிக்கிடுச்சுன்னா போதும், ஆதியிலேருந்து அத்தனையும் வந்துடும்." இன்ஸ்பெக்டர் நர்ஸம்மாள் பக்கம் திரும்பினார். "பேர் உங்க பேரும்மா. முகமும் உங்களோடதுதான்."

அடுத்த படத்தைத் திறந்தார். ஜன்னலோர வெளிச்சம். லேசான சிரிப்பு. தலை கொஞ்சம் இடப்பக்கம்.

நர்ஸம்மாள் வெகுநேரம் அதைப் பார்த்தார். "அன்னைக்கு வெளிச்சம் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் மெதுவாக. கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தவளை வாங்கினதும் நீங்கதானாம்மா?"

ஜெராக்ஸ்காரரின் கால் மேஜைக்கடியில் தையல் மெஷின்போல ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் அசையவில்லை. காற்றாக இருந்து பழகியவருக்குச் சட்டென்று ஆளாக மாறுவது எப்படி என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற யாராவது இந்தக் கணக்கை இயக்கியிருந்தா, அவங்க ஐடி கார்டு காப்பி ரெண்டு, கையெழுத்தோட ஒரு வாக்குமூலம். சாயங்காலத்துக்குள்ள வேணும். முடங்கிக் கிடக்கிற பணத்தைப் பறிகொடுத்தவருக்குத் திருப்பிடலாம். இல்லைன்னா அம்மா பேர்லதான் வழக்கு. ஆஸ்பத்திரிக்கும் லெட்டர் போகும். கொஞ்சம் வெளியே உக்காந்து யோசிங்க."

வெளியே பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். ஒவ்வொரு வருஷமும் பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிற சான்றிதழை நகல் எடுக்க வருபவர்.

"அட, தம்பியா! நீங்க எங்க இங்க?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது. "போலீஸ்னு சொல்லி வீடியோவுல வந்தான் தம்பி. யூனிஃபார்ம், பின்னாடி கொடி, எல்லாம் இருந்துச்சு. உன்னைக் கைது பண்ணப் போறேன், குத்தம் பண்ணலைன்னா பணத்தை இந்தக் கணக்குல போட்டு நிரூபின்னான். போட்டுட்டேன். பொண்டாட்டி கண் ஆபரேஷனுக்கு வச்சிருந்தது. அது யாரோ ஒரு பொம்பளை கணக்குக்குப் போயிருக்காம். எப்படித்தான் மனசு வந்துச்சோ! அவ கை வெளங்குமா? அவ குடும்பம் உருப்படுமா?"

அந்தப் பொம்பளை அவருக்கு அடுத்த இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார். குனிந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலு இப்படி வீங்கியிருக்கே ஐயா. எத்தனை நேரமா தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"மறந்துட்டேன்மா, வந்த பதட்டத்துல."

நர்ஸம்மாள் எழுந்து, எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தார். வீக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "வீட்டுக்குப் போனதும் முதல்ல மாத்திரை. உப்பைக் குறைங்க."

"நல்லா இரும்மா. நீ யாரு பெத்த பொண்ணோ" என்றார் தபால்காரர். மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "அந்தப் பொம்பளை மட்டும் என் கையில கிடைச்சா..."

"பொம்பளை இல்லைங்க ஐயா" என்றார் ஜெராக்ஸ்காரர்.

குரல் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் தபால்காரர் காதருகே கையை வைத்தார்.

"நான்தான். இவங்க பேர்ல நான் செஞ்சது. திருட்டுப் பணம்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும். கேக்கலை."

தபால்காரர் அவரை உற்றுப் பார்த்தார். நாற்காலிமேல் இருந்த தன் காலையும், அதை எடுத்து வைத்த கையையும் பார்த்தார். திட்டுவதற்கு வார்த்தை தேடினார். கிடைத்தது வேறு.

"நீங்களா தம்பி? நான் உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நீங்கதானே காப்பி எடுத்துக் கொடுப்பீங்க."

"பணம் திரும்ப வந்துடும் ஐயா. சாயங்காலம் எழுதிக் கொடுத்துடறேன்" என்று ஜெராக்ஸ்காரர் எழுந்தார்.

வீட்டுக்குப் போய், பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மனைவி பின்னாலேயே வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். ஜெராக்ஸ்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். செல்போன் சட்டைப் பையில் இரண்டு தடவை துடித்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கால் மட்டும் பழக்க தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்தார். மூடியைச் சாத்தினார்.

"எத்தனை?" என்றார் மனைவி.

"ரெண்டு கேட்டாங்க. உங்க ஆஸ்பத்திரியில காட்டவும் ஒண்ணு இருக்கட்டும்."

பச்சை வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வந்தது. முதல் நகல் சூடாக வெளியே வந்தது. எண் தெளிவாக இருந்தது. முகமும் தெளிவாகத்தான் இருந்தது. நெற்றியில் மட்டும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, ஊரில் எல்லாருக்கும் விழுவதுபோல. அதை எடுத்து மேஜையில் வைத்து, நீவிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டாவதிலும் போட்டார். மூன்றாவதை மனைவியிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் வாங்கி மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போகும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஒரிஜினலை மறந்துடாதீங்க."

ஜெராக்ஸ்காரர் மூடியைத் தூக்கினார். அது அங்கேதான் இருந்தது.